புது டிவியில் பழைய கேம்

பொங்கலுக்குப் பாபநாசம் வந்த மாப்பிள்ளை, எங்கள் புது டிவியில் மகளின் பழைய கேசட் வீடியோ கேமை இணைக்க மத்தியானம் முழுக்கப் போராடினார். மென்பொருள் பொறியாளர்.

“இதுல வராது மாமா, காயலான் கடையில போட்ருங்க” என்றார். பள்ளி நாட்களில் அதையே ஆடி வளர்ந்த மகளின் முகம் சுருங்கியது.

வயரை ஆன்டெனா துளையில் சரியாகத்தான் செருகியிருந்தார். ஆனால் கேமை ஆன் செய்யாமலே டிவியைச் சேனல் தேட விட்டிருந்தார். நான் வேலை பார்த்த கோர்ட்டில் என்றால், பெயரைக் கூப்பிடும்போது மனுதாரர் வாசலில் இருக்க வேண்டாமா?

முதலில் கேமை ஆன் செய்தேன். பிறகு அனலாக் சேனல்களைத் தேட விட்டேன். படம் வந்தது.

“அப்பான்னா அப்பாதான்!” என்று மகள் கைதட்டினாள். ஓய்வு பெற்றபின் எனக்குக் கிடைத்த முதல் கைதட்டல்.

“காயலான் கடைக்கு எப்பப் போகலாம் மாப்பிள்ளை?” என்றேன்.

ஜாய்ஸ்டிக்கை விடாமல், “இருங்க மாமா, இன்னும் ஒரு ஆட்டம்” என்றார்.