கௌரி அக்கா சொல்லாத வயல்

கௌரி அக்கா இறந்த செய்தி பல்கலைக்கழக மின்னஞ்சலில் வந்தது. வேலைக்குப் போகும் கிரெய்கிபர்ன் ரயிலில் நின்றுகொண்டே படித்தேன். ‘முன்னாள் தற்காலிக விரிவுரையாளர்’ என்று தொடங்கி இரண்டே வரி. பல ஆண்டுகள் தற்காலிகமாகவே வைத்திருந்தவர்கள், செத்த பிறகும் அந்தச் சொல்லை எடுக்கவில்லை. அவரை அறியாத உங்களுக்கு அந்த இரண்டு வரி போதாது.

யாழ்ப்பாணத்தில் பிறந்து இங்கே குடியேறிய அக்கா, பெரு நாட்டு மலைகளில் வாழும் கெச்சுவா மக்களை ஆராய்ந்தார். உருளைக்கிழங்கை முதலில் பயிராக்கியவர்களின் வழிவந்தவர்கள் அவர்கள். நானும் அதே துறையில் தற்காலிகம்தான். எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரு மேசை.

ஒருமுறை ‘த பேசின்’ என்ற புறநகரில் உள்ள பிள்ளையார் கோயில் அன்னதானத்தில், பக்கத்தில் இருந்த அங்கிள் ஒருவர் அவரைச் சீண்டினார். “எங்கட சனத்துக்கு இல்லாத கஷ்டமோ, பிள்ளை? உனக்கேன் அந்தச் செவ்விந்தியர்?”

அக்கா அவருடைய தட்டைக் காட்டினார். “செவ்விந்தியர் எண்டு ஒரு சனம் இல்லை, அங்கிள். அது வழி தவறி வந்தவன் வைச்ச பேர். உந்தக் கிழங்கும் மிளகாயும் தக்காளியும் அந்தப் பக்கத்துச் சனத்தின்ரை. அள்ளி அள்ளிச் சாப்பிடுறியள், ஆரெண்டு ஒருக்காக் கேக்கக் கூடாதோ?”

“அப்ப இதிலை எங்கட எண்டு என்ன கிடக்கு?”

“சோறு கிடக்கு. மிளகு ரசம் கொண்டுவரட்டோ?”

அங்கிள் சிரித்துவிட்டுக் கிழங்குக் கறியையே மறுபடி கேட்டு வாங்கினார்.

கெச்சுவா மக்கள் கிழங்கை இரவுப் பனியில் உறையவிட்டு, பகல் வெயிலில் இளக்கி, காலால் மிதித்து நீரை வெளியேற்றி உலர்த்துவார்கள். ஆண்டுக்கணக்கில் கெடாது. அக்கா இதைத் தன் டண்டினொங் வீட்டில் செய்து பார்த்தார். பனி போதாமல் ஃப்ரீசரில் வைத்தார். கிழங்கு அழுகி வீடே நாறியது. அவருக்கு வருத்தமே இல்லை. எங்கே பிழை நேர்ந்தது என்று தனக்குள் கேட்டபடி, காலணியைக் கழற்றிவிட்டு அடுத்த தொகுதியை மிதிக்கத் தொடங்கினார்.

அந்த மலையில் ஓர் ஊரார், கடும் உறைபனியையும் தாங்கும் ஒரு கிழங்கை அவருக்குக் காட்டியிருந்தார்கள். வயல் இருக்கும் இடத்தைச் சொல்லக் கூடாது என்று அவரிடம் வாக்கும் வாங்கியிருந்தார்கள். ஆய்வேட்டில் அவர்கள் அனுமதித்ததை மட்டும் எழுதினார். பிறகு அந்தக் கிழங்கைக் குறிவைத்து ஒரு விதை நிறுவனம் துறைக்கு நிதி தர வந்தது. துறைத் தலைவர் அக்காவை அழைத்து நிரந்தர வேலை தருவதாகச் சொன்னார். வயலைக் காட்டித்தர வேண்டும், அவ்வளவுதான். அக்கா மறுத்துவிட்டு வந்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. “நீங்க சொல்லலைன்னாலும் வேற யாராவது கண்டுபிடிச்சிருவாங்க, அக்கா.”

“பிடிக்கட்டும், தம்பி. நான் கூட்டிக்கொண்டு போகேலாது.”

போர் பார்த்த ஊர்க்காரி என்பதால்தான் இந்தப் பிடிவாதம் என்று துறையில் பேசிக்கொண்டார்கள். அக்கா தன் போர்க் கதை எதையும் அவர்களுக்குத் தரவில்லை. கொடுத்த வாக்குக்கு அனுதாபம் எதற்கு?

அடுத்த பருவத்தில் அவருக்கு வகுப்பு இல்லை. யாரும் அவரை நீக்கவில்லை. அழைக்கவில்லை, அவ்வளவுதான். இங்கே ஆளை வெட்டும்போது கத்திகூடக் கண்ணில் படாது. மலை மக்களின் அறிவைப் பற்றி மாநாடு நடத்துகிற அதே துறை இது. அக்கா டண்டினொங்கில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கப் போனார். அங்கேயும் உடன் வேலை செய்தவர்களிடம் அவரவர் ஊரில் என்ன கிழங்கு விளைகிறது என்று விசாரித்துக்கொண்டே இருந்தாராம்.

இறுதிச் சடங்கில் துறைத் தலைவர் என்னிடம் வந்தார். வயலைப் பற்றி அக்கா ஏதாவது சொல்லியிருக்கிறாரா, இவ்வளவு அரிய தகவல் அவரோடு தொலைந்துவிடக் கூடாதே என்றார். தொலையவில்லை, அந்த ஊரில் விளைந்துகொண்டுதான் இருக்கிறது என்றேன்.

எனக்கும் அந்தக் கிழங்கின்மேல் ஆசை உண்டு. அதைப் பற்றிப் பலமுறை கேட்டிருக்கிறேன். ஒரே ஒருநாள் நிறத்தை மட்டும் சொன்னார்: வெளியே கறுப்பு, வெட்டினால் ஊதா. வயல் எங்கே என்று எனக்குத் தெரியாது. அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது அந்த நிறம்தான். அது எந்த ஊர் ஊதா என்று இன்றும் யோசிக்கிறேன்.

துறைத் தலைவரிடம் நிறத்தைக்கூடச் சொல்லவில்லை.