மகள் வாய் திறந்து பீட்சா கேட்ட மாலை

வெளியாட்கள் முன்னால் என் மகளின் குரல் எங்கே போய்விடுகிறது?

வீட்டில் அவள் வாய் ஓயாது. ஏரிக்கரையில் படகு ஒதுங்கினால் எந்தக் கூடையில் என்ன மீன், யார் வலை கிழிந்தது, யார் யாரைத் திட்டினார்கள் என்று ஒன்று விடாமல் வந்து ஒப்பிப்பாள். சோறு ஊட்டும்போது “கொஞ்ச நேரம் சும்மா இரும்மா” என்று நானே சொல்லியிருக்கிறேன். எங்கள் குப்பத்தில் எல்லோரும் சொந்தம், இல்லாவிட்டால் சொந்தம் மாதிரி. அங்கே அவளுக்குக் கூச்சமே கிடையாது. ஆனால் இரண்டாம் வகுப்பு வாசலைத் தாண்டினால் ஒரு சொல் வராது. பெயர் கூப்பிட்டால் கையைத் தூக்குகிறாள், “உள்ளேன் டீச்சர்” வருவதில்லை. எழுதச் சொன்னால் அழகாக எழுதுகிறாள். வாசிக்கச் சொன்னால் புத்தகத்தைப் பார்த்தபடி நிற்கிறாள். டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, சென்னையில் யாராவது குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள் என்றார்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் இல்லை. நான் அதிகம் அதட்டுகிறேனா? கர்ப்பத்தில் ஏதாவது சாப்பிடாமல் விட்டேனா? அவளுக்குப் பதிலாக எல்லா இடத்திலும் நானே பேசிப் பேசி இப்படி ஆக்கிவிட்டேனா? என் நாத்தனாருக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை. “பொட்டப் புள்ள வாய அடக்கினு இருந்தா நல்லது தானேடி. நீ படிச்சவ, தும்மினாக்கூட டாக்டர தேடுவ” என்றார். படித்ததுதான் தப்போ என்றுகூட ஒரு நிமிடம் யோசித்தேன்.

ஒரு சனிக்கிழமை மூன்று பேரும் கிளம்பினோம். என் கணவர் அன்று ஏரிக்குப் போகவில்லை. பழவேற்காட்டில் பேருந்து ஏறியதிலிருந்து மகள் பேசிக்கொண்டே வந்தாள். பேச்செல்லாம் பீட்சாவைப் பற்றி. எங்கள் ஊர் பேக்கரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஆறிப்போய் இருக்கும் பீட்சாவை அவள் தின்றிருக்கிறாள். செல்போன் வீடியோவில் பார்த்தது வேறு மாதிரி. துண்டைத் தூக்கினால் சீஸ் நூல் நூலாக நீள்கிறது. அது வேண்டும், சோளம் போட்டு வேண்டும், சூடாக வேண்டும், இழுத்துப் பார்க்க வேண்டும். திருப்பாலைவனத்தில் கூட்டம் ஏறியது. ஒரு அம்மாள் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தார். மகள் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டாள். பொன்னேரியில் இறங்கி ரயில் ஏறி, சென்ட்ரல் வரும்வரை மூச்.

மருத்துவர் பொறுமையான பெண்மணி. காதைச் சோதித்தார், தொண்டையைப் பார்த்தார், நாங்கள் இருவரும் வெளியே இருக்கும்போது அவளோடு படம் வரைந்தார். பிறகு எங்களை அழைத்துச் சொன்னார். குறை எதுவும் இல்லை. சில குழந்தைகளுக்கு வெளியாட்களைக் கண்டால் பயத்தில் பேச்சு அடைத்துக்கொள்ளும். கட்டாயப்படுத்த வேண்டாம். அதே சமயம் அவளுக்குப் பதிலாக நீங்கள் பேசிவிடவும் வேண்டாம். அவளுக்கு ரொம்பப் பிடித்த ஒன்றை அவளே கேட்டு வாங்குகிற மாதிரி இடத்துக்கு அழைத்துப் போங்கள், கேட்கும்வரை காத்திருங்கள்.

வெளியே வந்ததும் நான் முடிவு செய்துவிட்டேன். இன்று பீட்சாவை அவளே கேட்க வேண்டும்.

முதலில் போனது கண்ணாடிக் கதவு போட்ட ஒரு பெரிய பீட்சா கடை. உள்ளே நுழைந்தால் குளுகுளு என்று இருக்கிறது, ஆனால் கேட்பதற்கு ஆள் இல்லை. ஆள் உயரத்துக்கு ஒரு திரை. படத்தைத் தொட வேண்டும், பணம் கட்ட வேண்டும், எண் வந்தால் போய் எடுத்துக்கொள்ள வேண்டும். மகளின் விரல் அதற்குள் ஒரு பீட்சா படத்தின் மேல் இருந்தது. முகமெல்லாம் சிரிப்பு. நான் அவள் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்துவிட்டேன். அந்தச் சிரிப்பு அணைந்ததைப் பார்த்தபோது திரும்பி உள்ளே போய்விடலாமா என்று இருந்தது.

“இன்னாமே, கைக்கு வந்தத வேணான்னு இஸ்துனு வர?” என்றார் கணவர்.

“அங்க வாயே தொறக்க வேணாங்க. டாக்டர் இன்னா சொன்னாங்க?”

“டாக்டர் சொன்னாங்க சரி. புள்ள பசியா கீது. பரீட்சையா வைக்கற அவளுக்கு?”

பாரிமுனைப் பக்கம் நடந்தோம். பர்மா நூடுல்ஸ் விற்கும் அத்தோ வண்டிகள் அப்போதுதான் கடை விரித்திருந்தன. பீட்சா கிடைக்காவிட்டால் போகிறது, வாய் திறந்தால் போதும் என்று ஒரு வண்டி முன்னால் நின்றேன். கடைக்காரர் நூடுல்ஸைக் கையால் பிசைந்து, வெங்காயம் தூவி, முறுமுறுவென்று எதையோ நொறுக்கிப் போட்டபடி “பாப்பாக்கு இன்னா?” என்றார். நல்ல மனிதர், அவளைப் பார்த்துத்தான் கேட்டார். மகள் என் புடவையைப் பிடித்துக்கொண்டு செருப்பைப் பார்த்தாள். நான் காத்திருந்தேன். என் பின்னால் கூட்டமும் காத்திருந்தது. “யக்கா, வாங்கறியா, வழி வுடறியா?” என்று ஒரு குரல் வந்தது. கடைக்காரர் அடுத்த தட்டுக்குப் போய்விட்டார். கடைசியில் என் கணவர் ஒரு தட்டு வாங்கி, ஓரமாக நின்று, சூப்பையும் ஊற்றிக்கொண்டு ரசித்துச் சாப்பிட்டார். மகளுக்கு ஒரு வாய் நீட்டினார். வாங்கிக்கொண்டாள். எனக்குத்தான் இறங்கவில்லை.

சாப்பிட்டு முடித்த தெம்பில் அவர் ஒரு ஆட்டோக்காரரிடம் போனார். “நைனா, சூடா பீசா போடற கடை எங்க கீது? மிஷின் இல்லாத கடையா சொல்லு.”

“மிஷின் இல்லாம உள்ளங்கையிலயா சுடுவாங்க?”

“அது இல்லப்பா. வாயால கேட்டு வாங்கற கடை.”

ஆட்டோக்காரர் எங்கள் மூவரையும் ஏற இறங்கப் பார்த்தார். “புரிஞ்சிச்சு. ஒரு அக்கா நடத்துது, சின்ன கடை. ஏறு” என்றார்.

சந்துக்குள் இருந்த கடை அது. வாசலிலேயே ரொட்டி வேகும் வாசனை. உள்ளே செங்கல் அடுப்பு, முன்னால் ஒரு மரப் பலகை, அதன் பின்னால் என்னைவிடக் கொஞ்சம் வயதான ஒரு பெண். அவர் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து “உங்களுக்கு?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அங்கேயே கும்பிடத் தோன்றியது. ஆனால் வரிசை என்று ஒன்று இல்லை. பலகையைச் சுற்றி ஏழெட்டுப் பேர் மொய்த்துக்கொண்டு நின்றார்கள்.

நான் மகளிடம் குனிந்து, “நீயே கேளு. அம்மா கேக்க மாட்டேன். மெதுவா கேட்டா போதும்” என்றேன். அவள் தலையை ஆட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முன்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வாங்கிக்கொண்டு நகர்ந்தார்கள். யார் எங்களுக்கு முன்னால் வந்தவர் என்று அவள் கண் கணக்கு வைத்துக்கொண்டே இருந்ததை நான் அப்போது கவனிக்கவில்லை. எங்களுக்கு முன்னால் இருந்த கடைசி ஆளும் போனார். கடைக்கார அக்கா நிமிர்ந்தார். அந்த நேரம் பார்த்துக் கழுத்தில் அலுவலக அட்டை தொங்கிய ஒருவர் பின்னாலிருந்து கையை நீட்டி, “அக்கா, ஒரே ஒரு பார்சல், சீக்கிரம்” என்றார்.

“ஏய்! இன்னிக்கு எங்க பாடு!”

யார் கத்தியது என்று நானே திரும்பிப் பார்த்தேன். என் மகள்தான்.

“இன்னிக்கு எங்க பாடு. நாங்க வாங்கினப்பறம் தான் நீ. உன் பாடு வந்தா வா!”

எங்கள் ஏரியில் மீனும் இறாலும் நன்றாகப் படும் இடங்களில் நினைத்தவர் நினைத்த நாளில் வலை கட்ட முடியாது. இன்று இவர்களுக்கு, நாளை அவர்களுக்கு என்று ஊர் கூடி முறை வைத்திருக்கிறார்கள். அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். பாடு தப்பி ஒருவர் வலை இறக்கினால், அவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் கரையில் இருந்து சத்தம் எழும். அப்படி எழும் சத்தத்தில் மரியாதை எல்லாம் இருக்காது. என் மகளுக்கு அந்தக் கரையும் இந்தப் பலகையும் ஒன்றுதான் போலிருக்கிறது. சென்னையில் இருப்பவர்களுக்கும் பாடு என்றால் தெரியும் என்றே நினைத்துவிட்டாள்.

பெரியவரை “நீ” என்று சொல்லிவிட்டாளே என்று எனக்கு வாய்வரை வந்தது. கணவர் என் கையை அழுத்தினார். அந்த அழுத்தத்துக்கு நான் இன்றும் நன்றி சொல்கிறேன்.

அட்டைக்காரர் திகைத்துப் போனார். “இன்னா பாப்பா சொல்லுது?”

“முறை எங்களுதாம் சார். பாடு தப்பி வலை போட்டா எங்க ஊர்ல பஞ்சாயத்து வைப்பாங்க” என்றார் என் கணவர். அவர் குரலில் இருந்த பெருமையை ரகசியமாக வைத்துக்கொள்ள அவருக்குத் தெரியவில்லை.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அட்டைக்காரரும் சிரித்துவிட்டு ஒரு அடி பின்னால் போய், “சரிம்மா, உன் பாடு தான். கேளு” என்றார். கடைக்கார அக்கா பலகைமேல் சாய்ந்து மகளின் முகத்துக்கு நேராக வந்தார். “சொல்லு கண்ணு, இன்னா வேணும்? எறா போட்டது கீது, நல்லா இருக்கும்.”

சண்டை முடிந்துவிட்டது, இனிமேல் வாய் மூடிக்கொள்வாள் என்று நினைத்தேன். என் உதட்டில் “சோளம் போட்டது” என்ற சொல் தயாராக இருந்தது. கடித்துக்கொண்டேன்.

“எறா வேணா,” என்றாள் மகள். குரல் சின்னதாக இருந்தது, ஆனால் காதில் விழுந்தது. “எறா எங்க வூட்லயே கீது. சோளம் போட்டது. நூல் நூலா வரணும்.”

“வரும்டா” என்றார் அந்த அக்கா.

வந்தது. ஓரம் கருகி, நடுவில் கொப்பளித்துக்கொண்டு, சோளம் பல் பல்லாக மின்ன வந்தது. அடியில் ரொட்டி மொறுமொறுவென்றும் உள்ளே மெத்தென்றும் இருந்தது. தக்காளிச் சாற்றில் லேசான புளிப்பு. மகள் ஒரு துண்டைத் தூக்கினாள். சீஸ் நீண்டது. “நைனா, அந்தப் பக்கம் புடி” என்று அப்பாவிடம் சொன்னாள். அவர் பிடித்தார். “இன்னாடி, அடை மேல மெழுகு ஊத்தி வெச்சிருக்காங்க” என்று சொல்லிக்கொண்டே இரண்டு துண்டு சாப்பிட்டார். நான் சாப்பிட்ட பீட்சாக்களில் அதுதான் நல்லது என்று சொன்னால் நம்பாதீர்கள். அன்று அந்த இடத்தில் காய்ந்த ரொட்டி கொடுத்திருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஆனால் உண்மையிலேயே நன்றாக இருந்தது.

பார்சலோடு கிளம்பிய அட்டைக்காரர் எங்கள் பக்கம் வந்து, “பாப்பா, உன் பேர் என்ன?” என்றார். மகள் தன் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் போய்விட்டாள். அவர் சிரித்துக்கொண்டே போனார்.

ஊரில் இந்தக் கதை எங்களுக்கு முன்பே வீடு வந்து சேர்ந்ததுபோல் பரவியது. சொன்னது என் கணவர்தான், நானும் நிறுத்தவில்லை. “பட்டணத்துல போயி பாடு கேட்டாளா! யாருடா அவ, நம்ம குப்பத்துப் பொண்ணுடா!” என்று கரையில் ஆண்கள் அவளைத் தோளில் தூக்கினார்கள். என் நாத்தனாரே “வாய் கீதுடி இவளுக்கு, அப்பன் வாய்” என்று கொழுக்கட்டை செய்து எடுத்துவந்தார். அந்த வாரம் முழுவதும் நான் தலை நிமிர்ந்து நடந்தேன். படித்தது தப்பில்லை என்றுகூட ஒருமுறை நினைத்துக்கொண்டேன்.

பள்ளிக்கூடத்தில் இன்னும் “உள்ளேன் டீச்சர்” வரவில்லை. தண்ணீர்க் குழாயருகே ஒரு பையன் முந்தியபோது மட்டும் ஏதோ சொன்னாளாம். என்ன சொன்னாள் என்று டீச்சருக்குச் சரியாகக் கேட்கவில்லை. எனக்குக் கேட்காமலே தெரியும்.

அடுத்த மாதம் மறுபடி மருத்துவரைப் பார்க்கப் போகிறோம். அந்தச் சந்துக் கடைக்கே போகலாம் என்கிறார் கணவர். ஆனால் அன்று யாரும் முந்தாவிட்டால்? அவள் பேசியது ஆசையினாலா, கோபத்தினாலா? யாரையாவது முந்தச் சொல்லி நாமே ஏற்பாடு செய்வதா என்றுகூட யோசித்து, அது குழந்தையை ஏமாற்றுவது என்று விட்டுவிட்டேன். இப்படிப்பட்ட பிள்ளையை வளர்த்தவர்கள் இதைப் படித்தால் எனக்குச் சொல்லுங்கள். அதே கடைக்குக் கூட்டிப் போகட்டுமா, புதுக் கடை தேடட்டுமா? எவ்வளவு நேரம் காத்திருக்கலாம், எப்போது நானே கேட்டு வாங்கிக் கொடுத்துவிடலாம்? சென்ட்ரலில் இருந்து குழந்தை நடக்கிற தூரத்தில், முகத்தைப் பார்த்து “உனக்கு என்னம்மா வேணும்?” என்று கேட்கிற சின்னக் கடை வேறு ஏதாவது தெரிந்தாலும் சொல்லுங்கள். பீட்சாதான் என்று இல்லை, சூடாக இருந்தால் போதும்.