கரும்பலகையில் கீறிய வேணியர்

பௌதிகச் சிறப்புப் பட்டத்துக்குச் செய்முறையில் சித்தியடைவது கட்டாயம். திருகோணமலையில் எங்கள் பள்ளிக்கூடத்து ஆய்கூட அலுமாரியோ துறைமுகத்து உப்புக்காற்றில் பூட்டு இறுகிக் கிடந்தது. உடைத்துத் திறக்க ஒருவருக்கும் மனமில்லை. உள்ளே கிடந்த, நுண்ணளவு எடுக்கும் வேணியர் இடுக்கியைப் பௌதிகம் படிப்பித்த சேர் கரும்பலகையில் படமாகக் கீறுவார். நாங்கள் பார்த்துக் கீறுவோம்.

பல்கலைக்கழக வளாகத்தில் அதை முதன்முதலாகக் கையில் எடுத்தபோது எப்படிப் பிடிப்பதென்றே தெரியவில்லை.

"பள்ளிக்கூடத்தில நீர் இதைச் செய்யேல்லையா?" என்றார் விரிவுரையாளர்.

"கீறினனான் சேர்."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். செய்முறையில் தவறினேன். பொதுப் பட்டத்தோடு திரும்பி வந்து, அதே பள்ளிக்கூடத்தில் பௌதிகம் படிப்பிக்கிறேன். பூட்டைப் பற்றி அதிபரிடம் கேட்டுக் கேட்டு எனக்கும் அலுத்துவிட்டது.

போன கிழமை வேணியரைக் கீறிக்கொண்டு நின்றபோது ஒரு மாணவி கேட்டாள்: "சேர், உண்மையில இது எவ்வளவு பெரிசு?"

ஒரு சாண் இருக்கும் என்று இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினேன்.