ஞாயிற்றுக்கிழமைக் கவர்

எண்பத்தெட்டாம் வருஷம் மழைக்காலத்தில், அம்பத்தூர் எஸ்டேட் ஓரத்தில் இருந்த ஒரு சின்னப் பட்டறையில், என் வீட்டுக்காரர் சாமுவேலின் வலது கை பிரஸ் மெஷினில் மாட்டியது. தகட்டை உள்ளே வைத்துவிட்டுக் கையை எடுப்பதற்குள் மெஷின் இறங்கிவிட்டது. நான்கு விரல் போயிற்று. பெருவிரல் மட்டும் மிச்சம். ஆஸ்பத்திரியில் கட்டைப் பிரித்தபோது நான் அழவில்லை, கத்தினேன். நர்ஸம்மா என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள்.

என் பேர் எஸ்தர். அப்போது கள்ளிக்குப்பத்தில் குடியிருந்தோம், இரண்டு பெண் பிள்ளைகள். எனக்கு வாய் அதிகம் என்று இந்தச் சபையில் உங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆண்டவர் செய்ததை அந்த வாயாலேயே சொல்கிறேன், கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

பட்டறை முதலாளி ஞானராஜ் எங்கள் பழைய சபையில் மூப்பர். அந்தப் பழக்கத்தில்தான் வேலை கிடைத்தது. "நீ என் தம்பி மாதிரி, உனக்கு எதுக்குப்பா ரிஜிஸ்டரு, கையெழுத்து?" என்றார். மற்ற ஆட்களுக்குச் சனிக்கிழமை பட்டறையில் கூலி. இவருக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சபை வாசலில், காணிக்கைக் கவரில் போட்டு, எல்லோரும் பார்க்கக் கொடுப்பார். இவர் குனிந்து இரண்டு கையாலும் வாங்குவார். எனக்கு அது பெருமையாக இருந்தது. ஒரு உபவாசக் கூட்டத்தில் எழுந்து நின்று, "வாரா வாரம் ஞானராஜ் அண்ணன் கையால ஆண்டவர் எங்களைப் போஷிக்கிறார்" என்று சாட்சி சொன்னேன். சபையே அல்லேலூயா என்றது.

கை போன பிறகு இரண்டு ஞாயிறு கவர் வந்தது. மூன்றாவது ஞாயிறு வரவில்லை. நான் பட்டறைக்கே போய்க் கேட்டேன்.

"சிஸ்டர், இத்தனை நாள் குடுத்ததே கர்த்தருக்காகக் குடுத்தது. வருத்தப்படாதீங்க, ஜெபிக்கிறேன்" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. வீட்டில் அரிசி இல்லை. கடைக்காரர் கடன் கொடுப்பதை நிறுத்திவிட்டார். பெரியவள் பள்ளிக்கூடம் போவதை விட்டாள். இவர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இல்லாத விரல் அரிக்கிறது என்பார். ஒரு நாள் ரயில் தண்டவாளத்தைத் தாண்டும்போது எனக்கு வந்த எண்ணத்தை இங்கே சொல்லமாட்டேன். பிள்ளைகள் என் முந்தானையைப் பிடித்திருந்தார்கள், அதனால் வீட்டுக்கு வந்தேன்.

எஸ்டேட் யூனியன்காரர் ஒருவர்தான் சொன்னார். "வேலையில அடிபட்டா முதலாளி நஷ்டஈடு குடுத்தே ஆகணும்மா. அது சட்டம். யாரும் பிச்சை போடல." அவரே ஒரு வக்கீலைப் பிடித்து, இந்த நஷ்டஈட்டை விசாரிக்கிற லேபர் ஆபீஸில் கேஸ் போட வைத்தார்.

மறு வாரமே பாஸ்டர் வீட்டுக்கு வந்துவிட்டார். "விசுவாசி மேல விசுவாசி கேஸ் போடலாமா சிஸ்டர்? ஆண்டவரை அறியாத புறஜாதியார் முன்னாடி போயி நிக்கிறதா?"

"விரலை வெட்டினது யாரு மெஷின் பாஸ்டர்? புறஜாதியாரு மெஷினா?" என்று கேட்டுவிட்டேன்.

"எஸ்தரு, விட்ரு" என்று இவர் முனகினார். பாஸ்டர் ஜெபம் செய்யாமலே எழுந்து போனார். அதற்குப் பிறகு எங்களுக்கு அந்தச் சபையில் அப்பமும் ரசமும் தருகிற திருவிருந்து இல்லை.

விசாரணை அன்று முதலாளி தரப்பு வக்கீல் என்னைக் கூண்டில் நிற்க வைத்துச் சிரித்த முகமாகவே கேட்டார். சாமுவேல் பட்டறை ஆளே இல்லையாம். ஏழை விசுவாசியாம், சும்மா கூடமாட ஒத்தாசைக்கு வந்துபோனவராம், கவரில் வந்தது தர்மமாம். "கூட்டத்துல எழுந்து நீங்க என்ன சொன்னீங்க? போஷிக்கிறார்னு சொன்னீங்களா, சம்பளம் குடுக்கிறார்னு சொன்னீங்களா?"

பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "போஷிக்கிறார்னு சொன்னேன்" என்றேன். ஆண்டவருக்கு நன்றி என்று நான் சொன்ன வார்த்தை என் புருஷன் கழுத்தையே பிடித்தது. எங்கள் வக்கீல் வெளியே வந்து, "அடுத்த வாய்தாவுக்கு ஒரே ஒரு ஆளாவது வேணும்மா. இல்லேன்னா கேஸ் நிக்காது" என்றார்.

விசுவாசிகள் வீடு வீடாக ஏறி இறங்கினேன். வாரா வாரம் அந்தக் கவரைப் பார்த்தவர்கள்தானே! ஒருவர் வீட்டில் காப்பி கொடுத்தார்கள், பேச்சைக் கொடுக்கவில்லை. இன்னொருவர் வீட்டில் ஆள் உள்ளே இருக்கும்போதே இல்லை என்றார்கள். பட்டறை ஆட்களை நான் கேட்கவில்லை. பக்கத்து மெஷினில் வேலை பார்த்த வெள்ளானூர் கோவிந்தன்தான் அன்றைக்குத் தன் துண்டால் கையைச் சுற்றி இவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தவர். ஆனால் அவருக்கும் குடும்பம் இருக்கிறது, வாயைத் திறந்தால் வேலை போய்விடும். அதுவும் போக, ஒரு தடவை நான் கொடுத்த சுவிசேஷக் கைப்பிரதியை வாங்கிக்கொண்டு, "எனக்கு முருகன் கீறாரு யக்கா" என்று சிரித்தவர். அவர் எங்கே வரப்போகிறார் என்று விட்டுவிட்டேன்.

வாய்தா அன்று காலையில் அந்த லேபர் ஆபீஸ் வராந்தாவிலேயே முழங்கால் போட்டேன். போகிற வருகிறவர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும். "ஆண்டவரே, ஒரே ஒரு விசுவாசியை அனுப்பும். ஒரு நல்ல விசுவாசியை" என்று வாய்விட்டு அழுதேன்.

கண்ணைத் திறந்தால் எதிரே கோவிந்தன் நிற்கிறார். நெற்றி நிறைய விபூதி.

"மொதலாளி நேத்து போன்ல பேசிகினு இருந்தாரு யக்கா, அண்ணாத்தே நம்ம ஆளே இல்லன்னு. எனக்கு வயிறு எரிஞ்சிபோச்சு. எங்க சாமியக் கும்புட்டுகினு வந்துட்டேன்" என்றார்.

உள்ளே போனதும் அவர் பயப்படவேயில்லை. "சார், நான் இவரு பக்கத்து மெஷின். காலைல வந்தாருன்னா பொழுது சாஞ்சாதான் ஊட்டுக்குப் போவாரு. போன வருஷம் ஜுரத்துல ஒரு வாரம் வரல. வராத நாளுக்கு எதுக்குடா காசுன்னு எங்க எல்லாரு முன்னாலயும் சொல்லி மொதலாளி புடிச்சிகினுதான் குடுத்தாரு. தர்மம் பண்றவன் ஜுரத்துக்குப் புடிப்பானா சார்?"

கேஸை விசாரித்த அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். ஞானராஜைக் கூப்பிட்டு, "பிடிச்சீங்களா?" என்று கேட்டார். ஞானராஜ் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். சத்தியம் செய்துவிட்டு நிற்கிற மூப்பர். கடைசியில், "அது... வழக்கம்தானே சார்" என்றார்.

கேஸ் எங்கள் பக்கம் தீர்ந்தது. பணம் கைக்கு வர இன்னும் வெகு நாள் இழுத்தது, ஆனால் வந்தது. அதில்தான் முத்தாபுதுப்பேட்டையில் இந்தப் பெட்டிக்கடை. இவர் இடது கையால் நிறுத்துக் கொடுக்கிறார். பெரியவள் திரும்பப் பள்ளிக்கூடம் போனாள். விசுவாசம் இருந்தால் விரல் முளைக்கும் என்று சொன்னவர்களும் உண்டு. முளைக்கவில்லை. நீங்கள் பாட்டுப் பாடிக் கை தட்டும்போது அவர் இடது கையை என் பக்கம் நீட்டுவார், நான் என் கையால் தட்டுவேன்.

கோவிந்தனுக்கு மறுநாளே வேலை போயிற்று. வெகு நாள் சித்தாள் வேலைக்குப் போனார். நான் போய் அழுதேன். "இன்னாக்கா இதுக்குப் போயி, வுடு" என்றார். இப்போது ஆவடியில் ஒரு பட்டறையில் இருக்கிறார். நான் ஜெபத்தில் உட்கார்ந்தால் முதலில் வருவது அவர் பேர்தான்.

பிரியமானவர்களே, உங்களிலும் விசுவாசிகளிடம் வேலை செய்கிறவர்கள் இருக்கிறீர்கள். ஆண்டவருக்கு நன்றி சொல்லுங்கள். ஆனால் கூலியைக் கூலி என்றே சொல்லுங்கள், சபை நடுவிலும் சொல்லுங்கள். ஆபத்து வந்தால் முழங்காலில் நில்லுங்கள், உதவி வரும். எந்த நெற்றியோடு வரவேண்டும் என்று மட்டும் ஆண்டவருக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள். நான் சொல்லிக்கொடுத்துப் பார்த்தேன். அவர் கேட்கவில்லை. அதற்காகவே அவருக்கு ஸ்தோத்திரம்.