எங்கள் லைனில் உறங்குபவரை எழுப்புவதில்லை

சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில் வேலை செய்தவர்களின் குடியிருப்பை லைன் என்று சொல்வோம். நான் மணமுடித்துக் குடியேறிய காலத்தில் அவை மூங்கில் தட்டிகளால் அடைத்த ஒற்றை அறைகளாக, ஒன்றோடொன்று ஒட்டி நீண்டிருந்தன. தட்டிக்கு அப்பால் ஒருவர் இருமினால் இப்பால் இருப்பவர் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கலாம். அவ்வாறான இடத்தில் பாதிப்பேர் இரவில் உறங்குவர். மீதிப்பேர் இரவெல்லாம் பூமிக்கடியில் இருந்துவிட்டுப் பகலில் உறங்குவர். ஆகையால் எவரும் எழுதி வைக்காத ஒரு சட்டம் அங்கே நிலைபெற்றிருந்தது. உறங்குகிறவரை எழுப்பலாகாது என்பதே அது. ஊரிலிருந்து உறவினர் வந்தாலும் மூட்டையைக் கீழே வைத்து வாசலிலேயே காத்திருப்பர். பெண்கள் உரலை லைனின் கோடிக்கு உருட்டிச் சென்று குத்துவர். பாறையை இடித்து மாவாக்கும் மில்லின் ஓசை இரவும் பகலும் ஓய்வதில்லை. அது எங்கள் செவிக்கு ஒரு பொருட்டே அன்று. ஆனால் ஒரு சொம்பு உருண்டு விழுந்தால் நாலு தட்டிகளிலிருந்தும் வசை வரும்.

வசைகளுள் முதன்மையானது அடுத்த தட்டிக்காரருடையது. அவர் என்னோடு இரவு ஷிப்டில் இறங்கும் மூத்த தொழிலாளி. மனைவி மக்களை ஊரில் விட்டுத் தனியே இருந்தவர். உறவில்லையாயினும் என் மனைவி அவரை அண்ணா என்றே அழைத்தாள். பகலில் காகம் கரைந்தால் எழுந்து வந்து கல்லெறிந்துவிட்டு மறுபடியும் படுப்பார்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடப்பதே எங்கள் வழக்கம். எங்களுக்கு அது வாய்க்கவில்லை. என் மாமியாரும் அதே மாதத்தில் பிள்ளைபெறும் நிலையில் இருந்தார். மகளும் தாயும் ஒரே வீட்டில் படுத்துக்கொண்டால் யார் யாரைப் பார்ப்பது என்று மாமனார் சொல்லியனுப்பினார். அதைக் கேட்டு என் மனைவி சிரித்தாள். சிரித்து முடித்தபின் தனியே அழுதாள். என் தாயாரோ அப்போது உயிருடன் இல்லை. ஆகவே தட்டி வீட்டிலேயே மகன் பிறந்தான். பாலகாட் சுரங்கத்துப் பக்கத்திலிருந்து ஒரு மருத்துவச்சி வந்து பிரசவம் பார்த்தாள். சில காலைகள் வந்து குழந்தையைக் குளிப்பாட்டினாள். பிறகு தன் தங்கை மகளின் கலியாணத்துக்காகப் பூதிகோட்டைக்குப் புறப்பட்டாள். வாசலில் நின்று அவள் சொன்னது இவ்வளவே:

“பசிச்சா அயுவான். அயுதா பாலு குடு. வேற ஒண்ணியும் இல்ல.”

அவன் அழவில்லை. குழந்தை பிறந்தால் வீடு அமளிப்படும், கண் மூட இயலாது என்று பலரும் அச்சுறுத்தியிருந்தனர். எங்கள் மகனோ உறங்கினான். நான் விடியலில் வந்து குளித்துப் படுக்கும்போதும் உறங்கினான். பிற்பகல் எழுந்து கஞ்சி குடிக்கும்போதும் உறங்கினான். மார்பில் வைத்தால் இரண்டு வாய் உறிஞ்சுவான். உடனே இமைகள் மூடிவிடும். அவன் உறக்கம் கலையலாகாதென்று என் மனைவி அடுப்பை ஊதாமல் விசிறியால் விசிறினாள். இத்தகைய நற்குணமுள்ள பிள்ளை லைனில் எவருக்கும் வாய்த்ததில்லை என்று நாங்கள் கர்வமும் கொண்டோம்.

அடுத்த தட்டிக்காரர் வந்து பார்த்து மனமாரப் பாராட்டினார்.

“அப்பனுக்கு ஏத்த புள்ள தம்பி. நைட் சிப்டுக்குன்னே பொறந்துகீறான்.”

பிறகு குனிந்து பார்த்து, “நெறத்த பாரும்மா! சாப்டு குயிக்குள்ள நாங்க கல்ல ஒட்ச்சி தேடறோம். நீ தங்கத்த வூட்லயே வெச்சினு கீற” என்றார்.

மெய்யாகவே குழந்தையின் முகம் பொன்னிறமாகத்தான் இருந்தது. என் மனைவி மையைத் தொட்டு அவன் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்தாள்.

அவளுக்கு மார்பில் பால் கட்டிக் கல்லாக இறுகி, காய்ச்சலும் கண்டிருந்தது. பிள்ளை பெற்றவர்களுக்கெல்லாம் இப்படித்தான் போலும் என்று எண்ணி, என்னிடம் சொல்லக் கூசி, நனைத்த துணியைச் சேலைக்குள் வைத்துக்கொண்டு வேலை செய்தாள். கேட்பதற்கு அவளுக்கும் ஆளில்லை. கேட்கவேண்டுமென்று எனக்கும் தெரியவில்லை.

மருத்துவச்சி ஒரு நண்பகலில் திரும்பி வந்தாள். கலியாண வீட்டு வெற்றிலை வாய் நிறைய இருந்தது.

“இன்னாமே, எப்பிடி கீறான் உன் மவன்?”

“தொந்தரவே இல்லக்கா. தூங்கினே கீறான்” என்றாள் என் மனைவி, பெருமிதத்துடன்.

“பாலு எப்போ குட்ச்சான்?”

என் மனைவி என்னைப் பார்த்தாள். “காலைல... இல்ல, நேத்து சாங்காலம் கொஞ்சம்.”

மருத்துவச்சி வெற்றிலையை வெளியே துப்பிவிட்டு வந்து குழந்தையை வாசல் வெளிச்சத்துக்குத் தூக்கிச் சென்றாள். கண்ணிமையைப் பெருவிரலால் விரித்தாள். வெண்விழி மஞ்சளாயிருந்தது. துணியை அவிழ்த்தபோது தொடையின் தோல் மடிந்து தொங்கியது.

“அய்யோ, எயுப்பவே இல்லியா?”

“தூங்கற கொயந்தய எப்பிடிக்கா எயுப்பறது?”

“இது தூக்கம் இல்லமே. பாலு இல்லாத சோர்வு. சோந்து போனதுனால குடிக்க மாட்டான். குடிக்காததுனால இன்னும் சோந்து போவான். அயுதா குடுன்னு சொல்லிட்டு போனேன் பாரு, நான் ஒரு மடச்சி!” பிறகு என் பக்கம் திரும்பினாள். “நீ இன்னா தம்பி மரம் மாதிரி நிக்கற? எயுப்பு அவன.”

சுரங்கத்துக்குள்ளே இதற்கு நேர்மாறான சட்டம் ஒன்று உண்டு. வெடி வைத்தபின் புகை முழுதும் விலகாத இடத்தில் ஒருவன் சற்றே உட்கார்ந்து கண்ணயர்ந்தால், உடனிருப்பவன் அவனைக் கன்னத்தில் அறைந்தாவது எழுப்பவேண்டும். அவன் ஏசினாலும் விடலாகாது. ஏசுகிறானே என்று மகிழவேண்டும். மறுபேச்சின்றிச் சாய்கிறவனைக் கண்டுதான் அஞ்சவேண்டும். இதை நான் நன்கறிவேன். அடுத்த தட்டிக்காரரே ஒருமுறை என்னை அவ்வாறு எழுப்பி வெளியே இழுத்து வந்தவர். ஆயினும் அது கீழே உள்ள சட்டம் என்றும், மேலே வந்தால் வேறு சட்டம் என்றும் என் மனத்தில் பிரித்து வைத்திருந்தேன். என் மகனும் புகையில் சாய்ந்தவனைப்போல் மறுபேச்சின்றிக் கிடந்தான் என்பது அந்த வாசலில் நின்றபோதே எனக்கு உறைத்தது.

இரவுகளைத் தான் பார்த்துக்கொள்வதாகவும், பகலில் எழுப்புவது என் வேலை என்றும் மருத்துவச்சி பிரித்துக் கொடுத்தாள். என் மனைவியால் அது ஆகவில்லை. அவள் ஒருமுறை அவன் உள்ளங்காலைச் சுண்டிவிட்டு, தான் அழுதாள். நான் சுண்டினேன். உளி பிடித்துக் காய்த்த என் விரலின் நீளமே இருந்தது அந்தப் பாதம். சுண்டியும் விழிக்காவிட்டால் போர்வையை நீக்கி, ஈரத்துணியால் பாதத்தைத் துடைக்கவேண்டும். அதற்கும் அசையாவிட்டால் காதின் பின்புறத்தைத் தேய்க்கவேண்டும். வாய் சற்றுத் திறந்ததும் என் மனைவி பாலைப் பீய்ச்சி, சங்குபோன்ற பாலாடையால் சொட்டுச் சொட்டாக விடுவாள். கட்டிய பால் இறங்க இறங்க அவள் பல்லைக் கடித்துக்கொள்வாள். விழுங்கினானா என்று இருவரும் அவன் தொண்டையைப் பார்த்திருப்போம். காலையில் இளவெயிலில் அவனைக் கிடத்தி, அங்கும் உறங்க விடாமல் பேச்சுக் கொடுப்பேன். அவனோடு என்ன பேசுவதென்று தெரியாமல், அன்று எத்தனை ஆழத்தில் வேலை, கல் எப்படி இருந்தது என்று சொல்வேன்.

தட்டிக்கு அப்பாலிருந்து குரல் வரும்.

“யாரு தம்பி அது, பகல்ல கத பேசறது? மனுசன் தூங்க வேணாமா?”

நான் பதில் சொல்வதில்லை. காரணத்தைச் சொன்னால் அது மெய்யாகிவிடுமோ என்ற அச்சம் எனக்கிருந்தது. நானும் உறங்காமையால் சுரங்கத்தில் இறங்கும் கூண்டில் நின்றபடியே கண் சொக்குவேன். அவர் என் பிடரியில் தட்டுவார்.

“பகல்ல இன்னாடா பண்ற நீ?” என்று கேட்பார்.

நாட்கள் செல்லச் செல்ல, பாலாடை வாயருகே வருமுன்பே அவன் உதட்டைக் குவிக்கத் தொடங்கினான். அதன்பின் மார்பிலேயே சிறிது நேரம் பிடித்துக் குடித்தான். என் மனைவியின் காய்ச்சல் இறங்கியது. ஆனாலும் அவனாகக் கேட்டதில்லை. நாங்கள் எழுப்பினால்தான் உண்டு. கேட்கும்வரை விடாதே என்று மருத்துவச்சி சொல்லியிருந்தாள்.

ஒரு நண்பகல், அவனை எழுப்பும் நேரத்துக்காகத் தட்டியோரம் காத்திருந்த நான் என்னையறியாமல் உறங்கிப்போனேன். என் மனைவியும் அடுப்பருகே சாய்ந்தபடி உறங்கிவிட்டாள். எங்களை எழுப்பியது ஓர் ஓசை. அதை அழுகை என்று அறிய எனக்குச் சிறிது நேரம் பிடித்தது. கால்களை உதைத்து, முகம் சிவந்து, மூச்சை இழுத்து இழுத்து அவன் கத்தினான். லைனின் கோடி வரை அது கேட்டிருக்கும். வசைகள் எழுந்தன. பாத்திரங்கள் நகர்ந்தன. எங்கோ ஒரு நாய் குரைத்தது.

அடுத்த தட்டிக்காரர் துண்டைத் தலையில் சுற்றியபடி எங்கள் வாசலுக்கு வந்துவிட்டார். என் மனைவி பதறிக் குழந்தையை வாரி எடுத்தாள்.

“கோச்சிக்காதீங்கண்ணா. இன்னிக்கிதான் மொத மொத பசின்னு அயுவறான். இத்தினி நாளா நாங்கதான் எயுப்பினு இருந்தோம்.”

அவர் என்னைப் பார்த்தார். பகற்பேச்சுக்கும் கூண்டில் சொக்கியதற்கும் காரணம் அவருக்கு அப்போதுதான் விளங்கியிருக்கவேண்டும். பிறகு எங்கள் வாசலிலேயே குந்தி உட்கார்ந்தார்.

“எம் புள்ளைங்க பொறந்தப்பல்லாம் நான் கீய சாப்டுல இருந்தேன். ஒண்ணு அயுதத கூட கேட்டதில்ல” என்றார். வரிசையில் எவனோ இன்னும் ஏசிக்கொண்டிருந்தான். அவர் அந்தப் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினார்.

“ஏசாத போடா! கொயந்த அயுவுது. அயுவட்டும்!”

மகன் பால் கிடைத்ததும் அடங்கினான். குடித்து முடித்து உறங்கினான். அன்று அவனை எழுப்பவேண்டிய அவசியம் எங்களுக்கு இல்லை. ஆயினும் வெகுநேரம் இருவரும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அடுத்த அழுகை வரும்வரை.