கனமான கித்தார்

போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் எனக்கு வேலை. காய்ந்த காயைத் தரம் பிரித்து மூட்டையேற்றுவது என் பொறுப்பு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில், அப்போது எனக்கு முப்பது வயது இருக்கும். கல்யாணம் ஆகவில்லை. வேலையாட்கள் சாயங்காலம் கீழே தங்கள் லயத்து வீடுகளுக்கு இறங்கிவிட்டால் மறுநாள் காலைவரை பேச ஆளில்லை. மழை பிடித்துக்கொண்ட வாரங்களில் என் குரல் எப்படியிருக்கும் என்பதே எனக்கு மறந்துபோகும்.

சீமைக்குத் திரும்பிய துரை ஒருவர் ஒரு கித்தாரை விட்டுவிட்டுப் போயிருந்தார். அதை வைத்துக்கொண்டு நானாகத் தட்டித் தடவிக் கற்றுக்கொண்டேன். அதை வாசிப்பு என்று சொன்னால் வாசிக்கத் தெரிந்தவர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஆனாலும் அந்த அறையில் எனக்குப் பதில் சொன்னது அது ஒன்றுதான். ஒரு சாரல் காலத்தில் ஈரம் ஏறி அதன் கழுத்து விட்டுப்போயிற்று. பத்து நாள் பொறுத்துப் பார்த்தேன். பிறகு லீவு சொல்லிவிட்டுப் புதிது வாங்க மதுரைக்குப் பஸ் ஏறினேன்.

வாத்தியக் கடையில் இரண்டு கித்தார்கள் இருந்தன. கடைக்காரர் இரண்டையும் எடுத்து முன்னால் வைத்து, வாசித்துப் பார்க்கச் சொன்னார். நான் அதுவரை ஒருவர் முன்னாலும் வாசித்ததில்லை. கடையில் அவர் ஒருவர்தான் இருந்தார். அந்த ஒருவரே எனக்கு அதிகம்.

அதனால் தெரிந்த வேலையைச் செய்தேன். கைக்கு ஒன்றாகத் தூக்கி எடை பார்த்தேன். நிறம் பார்த்தேன், வெடிப்பு இருக்கிறதா என்று நகத்தால் தடவினேன். ஏலக்காயில் கனம்தான் நயம். லேசாக இருந்தால் உள்ளே அரிசி, அதாவது விதை, இல்லை என்று அர்த்தம். ஒன்று பளபளவென்று நல்ல கனம். மற்றது காற்றுப்போல இருந்தது.

"தம்பி, எடையைப் பாக்காதீங்க. சத்தத்தைப் பாருங்க" என்றார் அவர்.

பொறுக்கி எடுப்பதில் எனக்குப் பன்னிரண்டு வருஷப் பழக்கம் என்று ஜம்பமாகச் சொல்லி, கனமானதையே கட்டச் சொன்னேன். அவரும் அதையே கட்டிக் கொடுத்தார்.

மலைக்கு வந்து மீட்டினால் பலகையைத் தட்டியதுபோல ஒரு சத்தம், அதுவும் உடனே அடங்கிப்போயிற்று. கம்பியைக் குறை சொன்னேன், பனியைக் குறை சொன்னேன், என் விரலையும் சொன்னேன். ஒரு மாதம் இப்படியே வீம்பு பிடித்துவிட்டு, அறை மறுபடி ஊமையாகிப்போனதைத் தாங்க முடியாமல் அதைத் தூக்கிக்கொண்டு மதுரைக்கே போனேன்.

கடைக்காரர் சிரிக்கக்கூட இல்லை. "மாத்தித் தர்றேன். ஆனா இந்தத் தடவை வாசிச்சுப் பாக்காம எடுத்துட்டுப் போகக் கூடாது" என்றார்.

முக்காலியில் உட்கார்ந்து லேசான கித்தாரை மடியில் வைத்தேன். மெதுவாக மீட்டினேன். இரண்டு இடத்தில் தப்பு வந்தது. அவர் துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். முடித்து நிமிர்ந்தபோது, "இன்னொரு தடவை வாசிங்க" என்றார்.

வாசித்தேன். அவர் நன்றாயிருக்கிறது என்று சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. துணியில் சுற்றிக் கொடுக்கும்போது, ஏதாவது கோளாறு என்றால் கொண்டுவரச் சொன்னார்.

அந்த வருஷத்து மழை முழுக்க, ஒரு கோளாறு வராதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கழுத்து நேராக நின்றது. ஒட்டு விடவில்லை. கம்பியை இழுத்துப் பிடிக்கும் முறுக்காணிகூட நழுவவில்லை. ஒரு சின்னக் குறை கிடைத்தால் போதும், மறுநாளே பஸ் ஏறிவிடலாம். கிடைக்கவில்லை. ஒன்றுமில்லாமல் போய் அந்தக் கடைவாசலில் நின்று, நான் வாசிக்கிறேன், கொஞ்சம் கேளுங்கள் என்று எப்படிச் சொல்வது?

நான் போகவில்லை. அது நல்ல கித்தார்.