ரெண்டு தடவை எழுப்பினேன்

வஜீஹாவைப் பற்றி எழுதுவதென்றால் முதலில் என்னைப் பற்றித்தான் எழுத வேண்டும். வெட்கக்கேடு. ஆனாலும் எழுதுகிறேன்.

நான் மிஸ் ஜோன். சாந்தோமில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். 'தூங்குமூஞ்சி' என்பதுதான் என் வாயில் ஓயாத வசவு. விடியற்காலை ஐந்து மணிப் பூசைக்குப் போகும் வழியில் மாணவிகள் வீட்டு ஜன்னல்களைப் பார்த்துக்கொண்டே போவேன். எந்த ஜன்னலில் விளக்கு எரியவில்லையோ, அந்த வீட்டுப் பெண் அன்றைக்குப் பெஞ்சு மேல் நிற்க வேண்டும்.

வஜீஹாவின் ஜன்னல் ஒருநாளும் இருண்டு கிடந்ததில்லை. அவள் வாப்பா ஷரஃபுதீன் புத்தகம் பைண்டு செய்பவர். அவருக்கு அட்டை ஒட்டிக் கொடுத்துவிட்டு அவள் படுக்கவே பதினோரு மணி ஆகும். நாலு மணிக்கு எனக்காக எழுந்துவிடுவாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். எனக்கோ பெருமை தாங்கவில்லை. "பாருங்கடி இவள!" என்று மற்றவர்களுக்குக் காட்டுவேன். அறிவுகெட்டவள் நான்.

"செலக்ஷன் பரிட்சை தேறினா எஸ்.எஸ்.எல்.சி. எழுதட்டும், டீச்சரம்மா. தேறலேன்னா நிறுத்திடுவேன்" என்று ஷரஃபுதீன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

நாற்பத்தாறாம் வருஷம் ஜனவரி. மத்தியானம் செலக்ஷன் கணக்குப் பரிட்சை. மேற்பார்வை நான். நானும் நாலு மணிக்கு எழுந்தவள்தானே! நாற்காலியில் உட்கார்ந்தது நினைவிருக்கிறது. அடுத்து நினைவிருப்பது முடியும் மணி அடித்ததுதான். திடுக்கிட்டு வாயைத் துடைத்துக்கொண்டேன். கடைசிப் பெஞ்சில் வஜீஹாவும் அப்போதுதான் தலையைத் தூக்கினாள். கன்னமெல்லாம் மை. தாளில் ஒன்றரைக் கணக்கு. மற்ற பெண்கள் ஏன் எங்களை எழுப்பப் போகிறார்கள்? பக்கத்துத் தாளைப் பார்த்து எழுத அப்படியொரு வசதி இனி எப்போது கிடைக்கும்!

அவள் கன்னத்து மையையும் தாளையும் பார்த்துவிட்டுத் தலைமையாசிரியை மதர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். "இவ தூங்கறப்போ நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க, மிஸ் ஜோன்?"

நானும் தூங்கிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அவளுக்கு மறுபரிட்சை வைத்திருப்பார்.

"ரெண்டு தடவை எழுப்பினேன் மதர். மறுபடியும் படுத்துட்டா" என்றேன்.

வஜீஹா என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, "ஆமா மதர், எழுப்பினாங்க" என்றாள்.

வெளியே வராந்தாவுக்கு வந்தோம். அவள்தான் பேசினாள். "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் டீச்சர். நீங்களும் பாவம், நாலு மணிக்கே எழுந்துக்கறீங்க."

அவள் எனக்காக இரங்கினாள். நான் அவளுக்காக ஒருநாளாவது இரங்கியிருப்பேனா?

அந்த வாரமே அவள் படிப்பு நின்றது. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "போய் மதரிடம் சொல்லும்மா" என்றார். தலையை ஆட்டிவிட்டு வந்தேன். மூன்று வருஷமாகிறது, இன்னும் சொல்லவில்லை.

பள்ளியை விட்டு அவள் நின்ற பிறகும், ஒருநாள் ஐந்து மணிக்கு அந்த ஜன்னலில் விளக்கு எரிந்தது. எட்டிப் பார்த்தேன். கணக்குப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இப்போதெல்லாம் நான் அடுத்த தெரு வழியாகத்தான் பூசைக்குப் போகிறேன்.